மினியாபொலிஸ் சிற்பத் தோட்டத்தில் இலையுதிர் காலத் தொடக்கம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வாக்கர் கலை மையத்தை ஒட்டி 1988இல் திறக்கப்பட்ட மினியாபொலிஸ் சிற்பத் தோட்டத்தைப் பார்க்க உகந்த பருவம் எது என்று கேட்டால், வெயில் தணிந்து மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கும் செப்டம்பர் இறுதியையே சொல்வேன். தோட்டத்திற்கு எந்நாளும் நுழைவுக் கட்டணம் இல்லை. கலை மையமும் மாதத்தின் முதல் சனிக்கிழமையில் இலவசம். அன்று குழந்தைகளுக்கான கலைப் பயிற்சிகளும் நிகழ்ச்சிகளும் நடைபெறுவதால், குடும்பத்துடன் செல்வோர் அந்நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஓல்டன்பர்க், வான் புருகன் இணையர் படைத்த, செர்ரிப் பழம் ஏந்திய மாபெரும் கரண்டியின் முன்புதான் கூட்டம் மிகுதி. என் மனம் நின்றதோ வேறிடத்தில். இம்மண்ணின் பழங்குடியான டகோட்டா இனக் கலைஞர் ஏஞ்சலா டூ ஸ்டார்ஸ் உருவாக்கி, 2021 அக்டோபரில் திறக்கப்பட்ட 'ஒக்சீயாபி' என்ற படைப்பின் பெயருக்கு 'ஒருவருக்கொருவர் உதவுதல்' என்பது பொருள். வட்டம் வட்டமாக விரியும் இருக்கைகளில் டகோட்டாச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்க, நடுவே நீர் நிறைந்திருக்கிறது. அருகிப்போன ஒரு மொழியை, அது பிறந்த மண்ணிலேயே, வருவோர் அமர்ந்து கற்கும்படி செய்திருப்பது தாய்மொழியை உயிராகக் கருதும் எவரையும் நெகிழச் செய்யும்.

மாலையில், ஒளியைக் கொண்டு கலை படைக்கும் ஜேம்ஸ் டரெல்லின் வான்காட்சி அறையைத் தவறவிடக் கூடாது. கூரையின் சதுரத் திறப்பு வழியே வானம் நிறம் மாறுவதை, பொழுது விரைவில் சாயும் இப்பருவத்தில், குழந்தைகளின் உறக்க நேரத்திற்கு முன்பே பார்த்துவிடலாம். இருட்டியதும் குளிர் கூடிவிடும் என்பதால் கம்பளிச் சட்டை அவசியம்.