நாலு வருசம், ஒரு ஏர் ரைபிள், கையில் நிற்காத பெல்லட்

போன வாரம்தான் ஸ்பிரிங் மாற்றி ரைபிள் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே கூட வேலை பார்க்கும் தம்பி போன் போட்டான். "அண்ணா, ஒங்ககிட்ட இருக்க மாடலுக்கு வெல கொறச்சிருக்கான். எடுக்கட்டா?" அரை மணி நேரம் பேசியும் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற வகை, குழலின் உள்ளளவு 0.177 அங்குலம். வேகம், எடை எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். சுடுகிற சக்தி 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாத இந்த அளவு ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதும் வாங்க நினைக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். பெட்டியில் போடாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் பெல்லட் என்கிற 4.5 மில்லிமீட்டர் ஈயத் துண்டு ஒன்றை விரலால் எடுத்துக் குழலின் வாயில் வைக்க வேண்டும். நாலு வருசமாக என்னைப் படுத்துவது அதுதான்.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தலைப் பக்கம் கெட்டி, நடுவில் இடுப்பு, பின்னால் பாவாடை மாதிரி விரிந்த ஸ்கர்ட். உள்ளே வெறும் பொள்ளல். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது அந்த ஸ்கர்ட் விரிந்து, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிகளைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் பெல்லட் சுழன்று நேராகப் போகும். ஸ்கர்ட் ஓரம் ஒரு பக்கம் நசுங்கினால் அந்த வழியாகக் காற்று கசியும். பத்து மீட்டரில் ஒன்பது ஓட்டை ஒரே இடத்தில் விழுந்திருக்க, பத்தாவது மட்டும் கட்டை விரல் அகலம் தள்ளி விழுவது பெரும்பாலும் இதனால். நான் முதல் வருசம் முழுக்கக் குறி வைக்கிற முறையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியது எடுக்கிற விரலை.

எங்கள் வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று எப்படி என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முப்பந்தல் காத்தாடிகளைச் சுற்றவைக்கிற காற்று அது. தகரத் தட்டில் பெல்லட்டைப் பரப்பிவைத்தால் உருட்டித் தள்ளிவிடும். அரை கிராம்தானே ஒன்றின் எடை. சிமென்ட் தரையில் விழுந்ததைத் திரும்பப் போடவே கூடாது, ஓரம் கெட்டிருக்கும். இப்போது பின்வாசல் சாய்ப்புக்குள்தான் பழகுகிறேன். பெல்லட்டைத் தடுக்கத் துணி திணித்த மரப்பெட்டி, அதற்குப் பின்னால் இரும்புத் தகடு. மழைக்காலத்தில் வேறு பாடு. விரல் நுனி வேர்த்து, பெல்லட் ஒட்டிக்கொண்டு வாயில் இறங்காது. நமக்கோ வருசத்துக்கு ரெண்டு மழைக்காலம்.

ஒரு போட்டி என்றால் 60 ரவுண்டு. 60 முறை குனிந்து, எடுத்து, ஸ்கர்ட் பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, வைத்து, கட்டை விரலால் மெல்ல அழுத்த வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்து ஆசைப்பட்டவன் நான். அந்தப் போட்டியின் குறித் தாளில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு நசுங்கல் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வழி சொன்னது துப்பாக்கியையே தொடாத எங்கள் அத்தை. தோவாளையில் பூக்கட்டுகிறவர். நான் தட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "மக்ளே, நீ அத நுள்ளுக. பிச்சி மொட்ட இப்படி எடுத்தா கறுத்துப் போவும்லா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தும் காட்டினார். ரெண்டு விரலும் சேர்ந்து கவ்வவில்லை. ஆள்காட்டி விரல் நுனி மேலே சும்மா படிய, கட்டை விரல் அடியிலிருந்து உருட்டிக் கொடுக்க, பெல்லட் தானாக விரலில் ஏறி உட்கார்ந்தது. தலைப் பக்கத்தைத் தொட்டால் போதும், ஸ்கர்ட்டைத் தொடவே வேண்டாம். எனக்கு அது கைவர மூணு மாசம் ஆனது.

இன்னொரு உதவி டெக்சாஸிலிருந்து. சித்தப்பா மகன் அங்கே முறையாக வைத்திருக்கும் துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறான். அங்கே அது சாதாரணம். இங்கே நினைக்கவே கூடாது. வீடியோ காலில் அவனும் இதே புலம்பல்தான். தோட்டாவின் அடியில் வைத்து மருந்தைப் பற்றவைக்கிற குட்டி மூடிதான் பிரைமர். அதில் ஸ்மால் பிரைமர் என்பது 0.175 அங்குலம், கிட்டத்தட்ட நம் பெல்லட் அகலமேதான். ஆனால் அது வெடிக்கிற சாமான். அமுக்கக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது, ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது. அதனால் விரலைக் குறைத்து ஒரு தட்டு வைத்திருக்கிறான். தட்டின் அடியில் வரிவரியாகக் கீறல். லேசாக ஆட்டினால் பிரைமர் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துவிடுகிறது. மூடியைப் போட்டுக் கவிழ்த்தால் அத்தனையும் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. பார்க்கவே அவ்வளவு அழகு.

அதைப் பார்த்துத்தான் ஆசாரியிடம் சொல்லிப் பலாப்பலகையில் ஒரு தட்டு செய்தேன். ஆறு வரிசை, வரிசைக்குப் பத்துக் குழி. பெல்லட் தலைகீழாக நிற்கும், ஸ்கர்ட் மேலே தெரியும். நசுங்கினது உட்கார்ந்த இடத்திலேயே கண்ணில் பட்டுவிடும். விலை குறைந்த 500 பெல்லட் டப்பா ஒன்றில் நாற்பதுக்கு மேல் கழித்தேன். ஜெர்மன் டப்பாவில் ரெண்டோ மூணோதான். காற்றும் இப்போது ஒன்றும் செய்வதில்லை. இந்த நாலு வருசத்தில் எனக்குப் பிடித்த சாமான் எது என்று கேட்டால் ரைபிளைச் சொல்ல மாட்டேன், இந்தத் தட்டைத்தான் சொல்வேன்.

ரெண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மடக்கிய குழலை ஒரு கை விடவே கூடாது. பெல்லட் வைக்கிற நேரம் டிரிகர் தவறினால் குழல் பட்டென்று மேலே அடித்து மூடும், விரல் போகும். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான், குறி பார்ப்பது அதற்குப் பிறகு. இன்னொன்று ஈயம். சுட்டுக்கொண்டே நேந்திரங்காய் சிப்ஸை எடுத்து வாயில் போடாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தின்னுங்கள்.

ரைபிளைப் பற்றி நியாயமாகச் சொன்னால், குழல் நல்ல குழல். சரியான பெல்லட்டைப் போட்டால் பத்து மீட்டரில் அஞ்சு ரவுண்டும் ஒரு பத்து பைசா நாணயத்தின் அளவுக்குள் விழும். கட்டை வழுவழுப்பு, டிரிகர் பழகப் பழக இதமாகிவிட்டது. ஆனால் விற்ற கடையில், "அப்பப்ப தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க" என்றார்கள். விட்டேன். அடுத்த ரவுண்டில் புகையும் வெடிச் சத்தமும். உள்ளே எண்ணெய் ஆவி அழுத்தத்தில் பற்றிக்கொள்கிறது. அந்த அடி ஸ்பிரிங்குக்கும், காற்று கசியாமல் அடைக்கிற சீலுக்கும் ஆகாது. கடைசியில் ஸ்பிரிங் ரெண்டாக உடைந்தது. புதிது கேட்டுக் கம்பெனிக்கு எழுதி ஏழு வாரம். நாலு முறை போன் போட்டும் ஒரே பதில், "அனுப்பியாச்சு சார்." அந்த ஏழு வாரத்தில் மகளுக்கு ஒரு போட்டி போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

அதனால், தம்பி, இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் என் பதில் வேண்டாம் என்பதுதான். உதிரி சாமானுக்கு ஆள் இல்லாத எதையும் விலை குறைந்ததற்காக வாங்காதே. தோட்டத்தில் மயில் தொல்லை என்று போன மாசம் ஒருவர் என்னிடம் இரவல் கேட்டார். அந்த நினைப்பு யாருக்காவது இருந்தால் கடைப் பக்கமே போக வேண்டாம். மயிலைச் சுடுவது குற்றம், பாவமும்கூட.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கையைத் தண்ணீரில் நனைத்துத் துடைக்காமல் பத்து பெல்லட்டை வைத்துப் பார். தட்டை அன்றைக்குத் தருகிறேன், ஆனால் அளவெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.