பூத்து முடிந்த செடியைக் கவாத்து செய்ய ஆப்பில் ஆள் பிடிக்கிறீர்களா? 4,500 ரூபாய் போன கதை

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்று. பெயர் போடவில்லை, போட்டால் பதிவையே தூக்க வைப்பார்கள். 'பல்லாண்டுச் செடிகளுக்குப் பூத்த பின் கவாத்து' என்று ஒரு பேக்கேஜ், அதாவது பல வருடம் வாழும் செடிகளைப் பூ முடிந்ததும் அளவாக வெட்டிவிடுவது. 4,500, முழுவதும் முன்பணம். அந்த 4,500-க்குக் கிடைத்தது மட்டமாக வழித்துவிட்ட தோட்டம்.

நம்ப வைத்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும், பொறியே அங்கேதான். பணம் கட்டுமுன் சாட்டில் 'நிபுணர்' ஒருவர் வந்தார். செடிகளின் படம் கேட்டார். அசேலியாவும், உருண்டையாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவும் போன வருடக் கிளையில்தான் பூக்கும் என்றார். அசேலியாவைப் பூ உதிர்ந்த சில வாரங்களுக்குள் வெட்டிவிட வேண்டும், தாமதித்தால் அடுத்த வருட மொட்டு பிடித்துவிடும் என்றார். லாவண்டரில் பச்சை இலை உள்ள பகுதியோடு நிறுத்த வேண்டும், பழுப்புக் கட்டைக்குள் கத்தரி போகக் கூடாது என்றார். ஒரு வார்த்தை தப்பில்லை. இவ்வளவு சரியாகப் பேசுகிற ஆளை யார் சந்தேகிப்பார்கள்? 4,500 கட்டியாயிற்று.

அதோடு அந்த ஆளைக் காணோம். அசேலியா பூத்து ஓய்ந்ததும் கேட்ட தேதிக்கு 'ஸ்லாட் இல்லை'. தள்ளித் தள்ளி ஆள் வந்து சேர்ந்தபோது கோடையே முடியப் போகிறது. வந்த இருவரிடமும் கவாத்துக் கத்தரி கிடையாது, வேலிச் செடியை மட்டம் தட்டும் மெஷின் மட்டும்தான். நுழைந்ததும் 'வேலை ஆரம்பிக்க ஓடிபி' என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது வேலை முடிந்ததற்கான ஓடிபி என்பது புகார் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தது.

சேதத்தைக் கேளுங்கள். அசேலியாவில் அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் கிளை நுனியில் ஏற்கெனவே பிடித்திருந்தன. நுனி மொத்தமும் குப்பைக்குப் போய்விட்டது. ஹைட்ரேஞ்சியாவில் வாடிய பூந்தலையை மட்டும், அதற்குக் கீழே பருத்திருக்கும் முதல் ஜோடி மொட்டுக்கு மேலே வெட்டினால் போதும். குளிர் கடுமையான இடங்களில் அதையும் குளிர் கழியும்வரை விட்டுவைப்பார்கள். இவர்கள் தரையோடு அறுத்துவிட்டார்கள். செடி சாகாது, துளிர்க்கும். ஆனால் அடுத்த வருடம் வெறும் இலைதான். (கூம்பாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா வேறு. அது புதுத் துளிரில் பூப்பது, குளிர் முடியும் சமயத்தில் பலமாகவே வெட்டலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. குழம்புவதற்கு முதலில் யோசித்திருக்க வேண்டுமே!)

லாவண்டர் போனது போனதுதான். இலையில்லாத பழங்கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர் வராது. லில்லியில் வாடிய பூவை மட்டும் எடுத்துவிட்டு, தண்டையும் இலையையும் தானாக மஞ்சளாகும்வரை விட வேண்டும். கிழங்கு அடுத்த பூவுக்கான சத்தைச் சேர்ப்பதே அந்த இலை வழியாகத்தான். அதையும் பச்சையாக அறுத்துவிட்டார்கள். தொடர்ந்து பூக்கும் ரோஜா மட்டும் தப்பும். அதிலும் வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக, சுத்தமாக விழ வேண்டிய வெட்டை மெஷின் நார் நாராகக் கிழித்து வைத்திருக்கிறது. கிழிந்த முனையில் நோய் புகுந்தால் கிளை மேலிருந்து கீழே கருகிக்கொண்டே வரும். எல்லா முனையையும் திரும்ப வெட்டிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

புகாருக்கு முதல் பதில்: "ஹார்ட் ப்ரூனிங் சார், சூப்பரா துளிர்க்கும்." (ஒட்ட வெட்டுவதற்கு அப்படி ஒரு பெயர்.) படம் அனுப்பினால், "ஓடிபி குடுத்துட்டீங்களே சார், ஜாப் கம்ப்ளீட்னு காட்டுது." இன்னொருவர், "அடுத்த சீசன்ல பூக்கலைன்னா சொல்லுங்க, பார்க்கலாம்." எப்படிச் சொல்வது? வேலை முடிந்த 72 மணி நேரத்துக்குள் வந்த புகார்தான் செல்லும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. கவாத்தில் செய்த தப்பு, குழாய் ரிப்பேர் போல அன்றைக்கே ஒழுகிக் காட்டாது, அடுத்த பூக்காலத்தில்தான் தெரியும். தெரிந்தேதான் 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். கடைசியில் 4,500-க்கு ஈடாக, அடுத்த புக்கிங்கில் 10 சதவீதம் தள்ளுபடி கூப்பன்! டிக்கெட்டை மூடிவிட்டார்கள். 4,500-இல் ஒரு காசு திரும்பவில்லை.

எந்தச் செடியை எப்போது வெட்டுவது என்று முழு அட்டவணை போடத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. வசந்தத்தில் பூக்கும் புதர்ச்செடிகள் பெரும்பாலும் பழைய கிளையில் பூப்பவை, பூ முடிந்ததுமே வெட்டுங்கள். கோடைக் கடைசியில் பூப்பவை பெரும்பாலும் புதுத் துளிரில் பூப்பவை, குளிர் கழிந்ததும் வெட்டுங்கள். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் வாடிய பூவை மட்டும் எடுங்கள். மெஷினோடு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புங்கள். சாட்டில் பேசியவர்தான் வெட்ட வருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். வேலை முடியாமல் எந்த ஓடிபியும் கொடுக்காதீர்கள். கூப்பனைத் தொடவே தொடாதீர்கள், ஏற்றுக்கொண்டால் புகார் தீர்ந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.