வைரஸ் சார், ஃபார்மட் போட்டுரலாம்

லீவில் மதுரைக்கு வந்து இறங்கியதும் அப்பா சொன்ன முதல் குறை, கம்ப்யூட்டரில் பேங்க் பக்கம் திறக்கவில்லை என்பது. எதைத் தட்டினாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூர் மகளுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் பார்ப்பது கணக்கு எழுதும் வேலை.

வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு ஃபோன் போட்டோம். சொன்ன நேரத்துக்கு ஆள் வந்துவிட்டார், அதைக் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்த வேகத்தில், "வைரஸ் சார், ஃபார்மட் போட்டுரலாம்" என்றார். என்ன கோளாறு என்று அப்பா விளக்க ஆரம்பித்தபோதே பென் டிரைவைச் சொருகியாகிவிட்டது. "டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாது சார்" என்று உறுதி சொன்னார், அது போகவும் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு போன மறுநாளே அதே எச்சரிக்கை வந்து நின்றது. போதாக்குறைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அப்பா அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம், மனு எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார். எழுத்துரு தனியாக இல்லாவிட்டாலும் தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாறச் சொல்லி 2010-லேயே அரசு சொல்லிவிட்டது, அவர் விரல்கள் மாறவில்லை. ஃபார்மட் என்றால் சிஸ்டத்தை அழித்துப் புதிதாக ஏற்றுவது. அதில் எழுத்துரு போய்விட்டதால், பென்ஷன் மனுவைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. கடைக்கு ஃபோன் போட்டால், "ஃபைல் அப்படியே இருக்குல்ல மேடம்?" என்றார்கள். இருக்கத்தான் செய்கிறது.

அப்பாவின் எரிச்சலைத் தணிக்க அன்று இரவு வெளியே சாப்பிடப் போனோம். என் ஆசை சிம்மக்கல் பக்கத்து மெஸ். அக்கா பிள்ளைகளுக்கு ஏசி வேண்டும், ஆகவே புதிதாகத் திறந்த ஓர் உணவகம். மெனு கார்டு கிடையாது, மேசையில் ஒட்டிய கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். செய்தால் இந்திய மொபைல் எண் கேட்கிறது. கடைசியில் சப்ளையரையே கூப்பிட்டுக் கறி தோசை சொன்னேன். வந்தது ஒரு கல்தோசை, ஓரத்தில் கிண்ணத்தில் மட்டன் குழம்பு. மதுரையில் கறி தோசை என்றால் கல்லில் மாவு ஊற்றி, மேலே முட்டை, அதன்மேல் கொத்துக்கறி மசாலா பரப்பித் திருப்பிப் போட்டு எடுப்பது. கேட்டதற்கு சப்ளையர் சிரிக்காமல் சொன்னார்: "கறியும் இருக்கு, தோசையும் இருக்கு, வேற என்னக்கா?" அக்கா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று இன்னொரு தொகை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை வரி என்று நினைத்துக் கட்டிவிட்டு வருகிறார்கள், ஆகவே சொல்லி வைக்கிறேன். இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொடுப்பதும் கொடுக்காததும் நம் இஷ்டம். எடுக்கச் சொன்னேன், மேனேஜர் மறுபேச்சு பேசாமல் எடுத்துவிட்டார். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம்.

கம்ப்யூட்டருக்கு அப்புறம் பழங்காநத்தத்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். "எப்ப இருந்துய்யா இப்படி?" என்று அப்பாவிடம்தான் முதலில் கேட்டார். அப்புறம் திரையின் வலது மூலையைக் காட்டி, "தேதியைப் பாருங்கக்கா" என்றார். பல வருஷம் பின்னால் நின்றது. மதர்போர்டில் ஒரு காசு அளவுக்கு 3 வோல்ட் பேட்டரி உண்டு. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்தால் தேதி பழையதுக்கு ஓடிவிடும், தேதி தப்பானால் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் முரண்டு பிடிக்கும். அப்பா தினமும் ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவார், அதனால் அந்தப் பேட்டரிக்கு ஓய்வே கிடையாது. மூடியைக் கழற்றி, நகத்தால் நெம்பி எடுத்து, புதிதைப் போட்டார். தேதியைச் சரி செய்ததும் பேங்க் பக்கம் திறந்தது. டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பேட்டரிக் காசு போக, வந்ததற்கு என்று அவர் கேட்டது ஃபார்மட் ஆள் வாங்கியதில் பாதிகூட இல்லை.

வானவில் அவரிடமும் இல்லை. அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டில் தேடிப் பிடித்துப் போட்டோம். மனுக்கள் மறுபடி தமிழாகிவிட்டன. விசைப்பலகை மட்டும் இன்னும் அப்பாவுக்குப் பழகிய மாதிரி வரவில்லை, அதற்கு அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.