ஐபிசிசி இன்வென்டரி மென்பொருள்: நாட்டின் உமிழ்வுக் கணக்கைப் போட ஓர் இலவசக் கருவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசுமை இல்ல வாயுக் கணக்குப் போடும் வேலையில் இருப்பவர்கள், அந்தப் பக்கம் வர நினைப்பவர்கள், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் இந்த மென்பொருளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது, யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம், ஐபிசிசி (காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. சார்ந்த அரசுகளுக்கிடையிலான குழு) தளத்திலேயே கிடைக்கிறது. மாநில அளவிலான கணக்குகளுக்கும், புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். குறைகள் இருக்கின்றன, கீழே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இதைவிட நல்ல ஆசிரியர் இந்தத் துறையில் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஜப்பானில் ஹயாமா என்ற கடலோர ஊரில் ஐபிசிசியின் தேசிய உமிழ்வுக் கணக்குப் பிரிவுக்கு ஒரு தொழில்நுட்ப அலுவலகம் 1999 முதல் இயங்குகிறது. உலக நாடுகள் எல்லாம் பின்பற்றும் கணக்கீட்டு வழிகாட்டி நூல்களை ஒருங்கிணைப்பதும் அவர்கள்தான், இந்த மென்பொருளைப் பராமரிப்பதும் அவர்கள்தான். 2006-ல் வந்த வழிகாட்டி மொத்தம் 5 தொகுதிகள்: பொது விதிகள், எரிசக்தி, தொழிற்சாலைகள், வேளாண்மையும் நிலமும், கழிவு. அதிலுள்ள சூத்திரங்களையும் அட்டவணைகளையும் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது இது ஏன் அவசரம் என்றால், பாரிஸ் ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு. பணக்கார நாடு, ஏழை நாடு என்று தனித்தனி விதிகளாக இருந்ததை மாற்றி, எல்லா நாடுகளும் ஒரே அடிப்படையில் கணக்கு காட்ட வேண்டும் என்று 2018-ல் போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்த மாநாட்டில் விதிமுறை வகுத்தார்கள். முதல் ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கைக்குக் கெடு 2024 டிசம்பர் 31-ஆக இருந்தது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் மட்டும் அவர்கள் விருப்பப்படி தரலாம் என்ற விலக்கு. 2006 வழிகாட்டி இனி எல்லோருக்கும் கட்டாயம். அதுவரை வளரும் நாடுகளில் பாதிக் கணக்கு எக்செல் தாள்களில் நடந்தது, அந்தத் தாளை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனால் எந்தக் கட்டத்தில் எந்த எண் ஏன் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

சரி, கையில் எப்படி இருக்கிறது? விண்டோஸ் கணினி வேண்டும், அதில் மட்டும்தான் ஓடும். தரவெல்லாம் ஒரு மைக்ரோசாஃப்ட் அக்செஸ் தரவுத்தளக் கோப்பில் சேரும். முதலில் ஒருவர் தலைமைப் பயனராக உள்ளே நுழைந்து, நாட்டைத் தேர்ந்தெடுத்து, யார் எந்தப் பிரிவில் எண் போடலாம் என்று மற்றவர்களுக்கு உரிமை பிரித்துக் கொடுக்க வேண்டும். எரிசக்தி ஆள் கழிவுப் பக்கத்தில் கைவைக்க முடியாது. இதை முதலில் பார்த்தபோது தேவையில்லாத கெடுபிடி என்றுதான் தோன்றும், பல பேர் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் அருமை தெரியும். அப்புறம் எரிபொருள் பட்டியல், கால்நடைப் பட்டியல், நில வகைப் பட்டியல் என்று அடிப்படைப் பட்டியல்களை நிரப்ப வேண்டும். இவற்றை அவசரப்பட்டு நிரப்பினால் பின்னால் வரும் எல்லாத் தாள்களிலும் அது எதிரொலிக்கும், அதனால் பொறுமையாகச் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். எவ்வளவு எரித்தோம், எவ்வளவு விளைவித்தோம், எத்தனை மாடு என்ற செயல்பாட்டுத் தரவு ஒரு பக்கம். ஒரு அலகுக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்ற உமிழ்வுக் காரணி இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கு. உங்களிடம் சொந்தக் காரணி இல்லையென்றால் மென்பொருள் உலகப் பொதுக் காரணியை எடுத்துக் காட்டும், அதைத் தொட்டால் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதுதான் டியர்-1, அதாவது கணக்கிடும் முறைகளில் எளிய முதல் படி. வசதியான இடமும் இதுதான், மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரிக்கு ஐபிசிசி தரும் பொது எண்கள்: டன்னுக்கு 11.9 கிகாஜூல் வெப்பம், ஒரு டெராஜூலுக்கு (1000 கிகாஜூலுக்கு) 101 டன் கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினால் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஏறக்குறைய 1.20 டன் வாயு. இந்தியா 2004-ல் ஐ.நா.வுக்குக் கொடுத்த முதல் தேசிய அறிக்கையில் நம் நாட்டு நிலக்கரிகளை ஆய்வு செய்து கொடுத்த எண்கள் வேறு: பழுப்பு நிலக்கரிக்கு வெப்பம் 9.69 கிகாஜூல், ஒரு டெராஜூலுக்கு 106.15 டன். பெருக்கினால் 1.03 டன்தான் வருகிறது. அதாவது பொதுக் காரணியை அப்படியே எடுத்துப் போட்டால் நம் கணக்கு ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும்! வருடம் முழுக்க ஒரு அனல் மின் நிலையம் எரிக்கும் அளவோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மறைக்கவில்லை, ஒரு பொது எண்ணை நம்பியதால் மட்டும் வந்த வித்தியாசம் இது. இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்ததே, சொந்த எண்ணை உள்ளிடும்போது அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பையும் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். எழுதுங்கள், சோம்பல்படாதீர்கள். 5 வருடம் கழித்து இதைத் திறக்கப்போகிறவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்.

நெல் விஷயம் இன்னும் சுவாரசியம். 2006 வழிகாட்டிப்படி எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.30 கிலோ மீத்தேன். 100 நாள் பயிர் என்றால் 130 கிலோ. அதே வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால், பருவத்துக்குள் பல முறை வயல் காய்வதால், 0.52 என்ற எண்ணால் பெருக்க வேண்டும், 67.6 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு டன் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் 28 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடாக்கும் என்பதால், மீத்தேனை 28-ஆல் பெருக்கிக் கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்றினால் ஒரு ஹெக்டேருக்கு 3.64 டன் ஒரு பக்கம், 1.89 டன் மறுபக்கம். தாளில் நீர்ப்பாசன வகைக்கான அந்த ஒரு கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் பாதிக் கணக்கு இருக்கிறது. 2019-ல் ஐபிசிசி வெளியிட்ட மேம்பாட்டு நூலில் தெற்காசியாவுக்கென்று 0.85 கிலோ என்ற தனி எண்ணே வந்துவிட்டது, ஆகவே பழைய 1.30-ஐ யோசிக்காமல் போடாதீர்கள்.

இந்த நெல் கணக்கில் நாம் ஒரு பெரிய சண்டையே போட்டிருக்கிறோம், இளைய தலைமுறைக்கு இது தெரிய வேண்டும். உலக வெப்பமாதல் பேச்சு சூடுபிடித்த காலத்தில், வெளிநாட்டு வயல்களில் அளந்ததை வைத்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை போட்ட மதிப்பீட்டில் இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 37 மில்லியன் டன்னுக்கு மேல் மீத்தேன் விடுவதாகச் சொன்னார்கள். 1991-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவின் தலைமையில் நம் விஞ்ஞானிகள் நாடு முழுக்கப் பல வயல்களில் வாயுவைப் பிடிக்கப் பெட்டி கவிழ்த்து அளந்தார்கள். வந்த விடை சுமார் 4 மில்லியன் டன். ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு! நாட்டுக்குள் அளக்கத் தெரிந்த ஆட்களும் கருவியும் இருந்ததால்தான் அந்த எண்ணைத் திருத்த முடிந்தது, இல்லாவிட்டால் நெல் விளைவிக்கும் விவசாயி தலையில் செய்யாத பழி ஏறியிருக்கும். திறன் வளர்ப்பு என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவதற்கு என் மனதில் பொருள் இதுதான்.

அடுத்து குறியீடுகள். ஒரு கட்டத்தில் எண் இல்லையென்றால் சும்மா விட்டுவிட முடியாது. அந்தச் செயல் நாட்டில் நடக்கவே இல்லையா, நடக்கிறது ஆனால் கணக்கிடவில்லையா, வேறு தலைப்பில் சேர்த்துவிட்டோமா, ரகசியமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு, எதையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சர்வதேச விதிப்படி, ஒரு வகையை மிகச் சிறியது என்று சொல்லித் தாண்டிப்போக வேண்டுமானால் அது நாட்டின் மொத்தத்தில் 0.05 சதவீதத்துக்கும் 500 கிலோடன்னுக்கும் எது குறைவோ அதற்குக் கீழே இருக்க வேண்டும். வளரும் நாடுகள் தேவைப்பட்டால் 0.1 சதவீதம், 1000 கிலோடன் என்ற தளர்வை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்தோம் என்று எழுத வேண்டும், ஏன் என்றும் எப்போது சரிசெய்வோம் என்றும் எழுத வேண்டும். தளர்வையே வெளிப்படையாக எழுதச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மீத்தேனைப் பெருக்கும் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வளரும் நாடுகளின் பழைய அறிக்கைகளில் 21, பிறகு வந்த ஐபிசிசி அறிக்கையில் 25, இப்போதைய விதிப்படி 28. மென்பொருளில் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பார்க்காமல் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டால், ஒரு மாடுகூடக் கூடாமலேயே உமிழ்வு கூடியதாகத் தெரியும்.

கழிவுப் பகுதி சுருக்கமாக: குப்பைமேட்டில் கொட்டியது பல பத்தாண்டுகள் மட்கிக்கொண்டே வாயு விடும் என்பதால் குறைந்தது 50 வருடக் கொட்டல் விவரம் வேண்டும் என்கிறது வழிகாட்டி. பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ அவ்வளவு பின்னால் போய் எடை விவரம் தேட வேண்டாம், மக்கள்தொகையை வைத்துப் பின்னோக்கிக் கணிக்க வழியிருக்கிறது. மென்பொருள் அதற்குச் சரியாக உதவுகிறது.

பிடிக்காதவை. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நேரடி வழி இல்லை. அக்செஸ் கோப்பு என்பதால் பத்துப் பேர் வெவ்வேறு ஊரில் உட்கார்ந்து இணையத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்வது போன்ற வசதியை எதிர்பார்க்காதீர்கள், தனித்தனியாகச் செய்து பிறகு இணைக்கும் வேலையை ஒருவர் பொறுப்பாக ஏற்க வேண்டும். திரை முழுக்கக் கட்டங்கள், சுருக்கெழுத்துகள், புதியவர் மிரண்டுவிடுவார். நிலப் பகுதி உண்மையிலேயே கடினம். எந்த நிலம் எந்த வருடம் எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு மாறியது என்ற அட்டவணை சரியாக இல்லாவிட்டால் மொத்தப் பரப்பு இடிக்கும், அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் தாவு தீர்ந்துவிடும். வழிகாட்டி நூல் அரபி, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் இருக்கிறது, தமிழிலோ இந்தியிலோ இல்லை. மாவட்ட வேளாண் அலுவலகத்தில் இருப்பவருக்கு இந்தக் கட்டத்தில் எதைக் கேட்கிறார்கள் என்று அவர் மொழியில் சொல்ல ஒரு 10 பக்கக் கையேடாவது வேண்டும், யாராவது பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் இதை எடுத்துச் செய்தால் புண்ணியம்.

இதையெல்லாம்விடப் பெரிய பிரச்சினை மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது. ஒரு முறை ஒரு அலுவலகத்தில் எரிபொருள் விவரம் கேட்டபோது எங்களுக்கு வந்தது சாய்வாக ஸ்கேன் செய்யப்பட்ட காகிதங்கள். எண் இருந்தது, லிட்டரா கிலோலிட்டரா டன்னா என்று எங்கேயும் இல்லை. கேட்டு எழுதினோம், பதில் சொல்லத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விவரத்தை ஒருவர் ஐ.நா. அறிக்கைக்கு எடுப்பார் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லையே.

இந்தியா 2024 டிசம்பர் 30 அன்று கொடுத்த நான்காவது ஈராண்டுப் புதுப்பிப்பு அறிக்கையைப் பாருங்கள் (இது பழைய விதிப்படியான அறிக்கை, மேலே சொன்ன வெளிப்படைத்தன்மை அறிக்கை வேறு). 2020-ல் நாட்டின் உமிழ்வு, கார்பன் டை ஆக்சைடு கணக்கில், காடு, நிலம் தவிர்த்து 2,959 மில்லியன் டன், அவை உறிஞ்சுவதையும் கணக்கில் சேர்த்தால் 2,437 மில்லியன் டன். எரிசக்தியின் பங்கு மட்டும் 75.66 சதவீதம், வேளாண்மை 13.72. இந்த எண்களுக்குப் பின்னால் நாடெங்கும் பல ஆய்வு நிறுவனங்கள் வேலை செய்திருக்கின்றன, அது உண்மையான பலம். ஆனால் பல நாடுகளில் இந்த வேலை திட்ட நிதி வரும்போது கூடி, அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடுகிறது. பாரிஸ் மாநாட்டில் முடிவாகி உலகச் சுற்றுச்சூழல் நிதியம் நடத்தும் வெளிப்படைத்தன்மைத் திறன் வளர்ப்பு முயற்சி இதற்காகவே பணம் கொடுக்கிறது. பயிற்சிப் பட்டறைக்கு வந்த அதிகாரி அடுத்த வருடம் வேறு துறையில் இருந்தால் அந்தப் பணம் வீண். ஒவ்வொரு நாட்டிலும் நிரந்தரச் சம்பளத்தில், மாற்றல் இல்லாமல், நாலைந்து பேராவது இதே வேலையாக இருக்க வேண்டும். கணக்கு ஒவ்வொரு வருடமும் தொடர வேண்டும். இதை நான் எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு நல்ல செய்தி, இந்த மென்பொருளில் முடித்த கணக்கை ஐ.நா. காலநிலை அமைப்பின் அறிக்கைக் கருவிக்கு நேரடியாக அனுப்பும் கோப்பாக எடுக்கும் வசதி வந்துவிட்டது. அதே எண்ணை இரண்டு இடத்தில் கையால் தட்டச்சு செய்து பிழை விடும் தொல்லை குறையும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நிலப் பகுதியைத் தொடாமல் முதலில் கால்நடையில் ஆரம்பியுங்கள். கால்நடைக் கணக்கெடுப்பு விவரம் பொதுவில் கிடைக்கிறது, கறவை மாட்டுக்கு 2006 வழிகாட்டியில் இந்தியத் துணைக்கண்டத்துக்கான பொதுக் காரணி வருடத்துக்கு 58 கிலோ மீத்தேன், எருமைக்கு 55, உங்கள் மாவட்டத்துக்கு ஒரு மாலையில் போட்டுவிடலாம். போட்ட பிறகு, நாட்டு மாட்டுக்கு 58 சரியா என்று கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அந்த அக்செஸ் கோப்பைத் தேதி போட்டு வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள், புதிய பதிப்பை நிறுவுவதற்கு முன்னால் கட்டாயம்.