மூக்கைப் பிடித்து ஊதுவதா, நாக்கால் தள்ளுவதா?

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபாவைப் பழகப் போகிறவருக்கு, காதில் ஏறும் அழுத்தத்தைச் சமன்செய்யத் தண்ணீரில் இறங்கும் முன்பே சொல்லித்தரப்படும் வித்தை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுவது. அந்தமானின் ஹேவ்லாக் தீவானாலும் புதுச்சேரியானாலும் கர்நாடகத்தின் முருடேஸ்வரமானாலும் பெரும்பாலும் இதுதான் முதல் பாடம். பலருக்கு இதுவே போதும். போதாதவர்களில் சிலர் இரண்டு மூன்று மீட்டரிலேயே காதைத் தொட்டுக்காட்டி மேலே திரும்பிவிடுவார்கள். வேறு சிலர் வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் பலமாக ஊதுவார்கள். அப்படி ஊதுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். காதழுத்தத்தைச் சமன்செய்ய வேறு முறைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றை முதல் நாளிலேயே கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவி ஒரு சிறிய காற்றறை. அங்கிருந்து ஊஸ்டாக்கியன் குழாய் மூக்கின் பின்புறம் வந்து திறக்கிறது. அந்த வாய் சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடிப்பொழுது திறக்கும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி, காற்றின் கன அளவு பாதியாகிறது. அடுத்த 10 மீட்டரில் அது மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆகவே காதுக்குக் கடும் சோதனை அடி ஆழத்தில் இல்லை, தொடக்கத்துச் சில மீட்டர்களில்தான். சமன்செய்யாமல் ஏறக்குறைய 1.2 மீட்டர் இறங்கிவிட்டாலே அழுத்த வேறுபாடு 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டிவிடும். அதற்குமேல் குழாயின் வாய் இறுகிக்கொள்ளும், தசைகளால் அதைத் திறக்க முடியாது. வலி வந்தபின் ஊதுவது, உள்ளே தாழிட்ட கதவைத் தோளால் இடிப்பது போன்றது.

ஊதும் முறைக்கு வால்சால்வா என்று பெயர். இத்தாலிய உடற்கூற்றியலாளர் அந்தோனியோ மரியா வால்சால்வா 1704-இல் இதை விவரித்தது காதிலிருந்து சீழை வெளியேற்றும் வழியாக. கடலுக்கும் அதற்கும் அன்று தொடர்பே இல்லை. ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பது இதன் பெரும்பலம். ஸ்கூபாவில் நுரையீரலில் எப்போதும் போதிய காற்று இருப்பதால் ஊதுவதற்குத் தட்டுப்பாடும் இல்லை.

குறை எங்கே என்றால், இதில் குழாயைத் திறக்கும் தசைகளுக்கு வேலையே கிடையாது. நெஞ்சிலிருந்து வரும் காற்று மூடிய வாயை வெளியிலிருந்து முட்டித் திறக்கிறது. பலமாக ஊத ஊத நெஞ்சின் அழுத்தம் ஏறி, கழுத்து நரம்புகள் புடைத்து, குழாயைச் சுற்றியுள்ள சதையில் இரத்தம் தேங்குகிறது. திறக்க நினைத்த வழி இன்னும் குறுகுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த அழுத்தம் உட்செவித் திரவத்துக்கும் போய்ச் சேர்வது. ஏற்கெனவே அழுத்த வேறுபாட்டால் விறைத்திருக்கும் உட்செவிச் சவ்வு அதில் கிழியலாம். கிழிந்தால் கேட்கும் திறன் குறையும், காதில் இரைச்சல் எழும், தலைசுற்றும். சிலருக்கு அது நிரந்தரமாகவும் தங்கிவிடும். வால்சால்வா செய்தே ஆக வேண்டுமென்றால் மென்மையாக, சில நொடிகளுக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும்.

ஃபிரென்செல் முறையில் நெஞ்சுக்கு வேலை இல்லை. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் ஃபிரென்செல் 1938-இல் வெளியிட்ட முறை இது. செங்குத்தாகப் பாய்ந்து இறங்கும் போர் விமானிகளுக்காக உருவானது. மூக்கைப் பிடித்து, பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவது போலத் தொண்டையை மூடிக்கொண்டு, ‘க்’ என்று சொல்லத் தொடங்கும் அசைவில் அடிநாக்கை மேலும் பின்னும் எழுப்ப வேண்டும். வாய்க்கும் மூக்குக்கும் பின்னாலுள்ள கொஞ்சக் காற்று மட்டும் நெருக்கப்பட்டுக் குழாய்க்குள் போகும். காது ‘டிக்’கென்று சொல்லும். நெஞ்சழுத்தம் ஏறாததால் உட்செவிக்கு ஆபத்து மிகக் குறைவு. தேவைப்பட்டால் நொடிக்கொரு முறைகூடச் செய்யலாம், தலைகீழாக இறங்கும்போதும் பலிக்கும். மூச்சடக்கி ஆழம் போகும் ஃப்ரீடைவிங் வீரர்கள் இதையே நம்புவது அதனால்தான்.

சிரமம் கற்பதில் இருக்கிறது. முதலில் பலருக்குக் கன்னம்தான் உப்பும். தாம் ஊதுகிறோமா, நாக்கால் தள்ளுகிறோமா என்பதே பிடிபடாது. வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பழகுங்கள். வயிறும் நெஞ்சும் அசையாமல், பிடித்த மூக்கு மட்டும் சற்றே உப்பி, குரல்வளை மேலேறினால் வழி சரி. தரையில் சில வாரம் பழகினால் போதும் என்பதால், பயண டிக்கெட் எடுத்த அன்றே தொடங்கிவிடலாம்.

டாயின்பீ முறை, மூக்கைப் பிடித்தபடி விழுங்குவது. இதில் தசைகளே குழாயைத் திறப்பதால் மென்மையானது. ஆனால் சிலிண்டரின் வறண்ட காற்றை இழுத்து வாய் காய்ந்திருக்கும்போது விழுங்க எச்சில் கிடைக்காது. குழாய் திறக்காமல் போனால் நடுச்செவியின் வெற்றழுத்தம் குறையவும் குறையாது. மேலே வரும்போது காதில் தங்கும் காற்றை விடுவிக்க இது உதவும், இறங்குவதற்கு இதை மட்டும் நம்ப மாட்டேன். இதை வால்சால்வாவோடு சேர்த்து, ஊதிக்கொண்டே விழுங்கினால் லோரி முறை. தாடையை முன்னே தள்ளிக்கொண்டு ஊதினால் எட்மண்ட்ஸ். வால்சால்வாவில் பிடிவாதமாக இருப்பவர்களுக்கு அந்தத் தாடை அசைவையாவது சேர்த்துக்கொள்ளும்படி சொல்வேன். கையே வைக்காமல் மெல்லண்ணத் தசையை இறுக்கிக் குழாயைத் திறந்து வைப்பது பிரெஞ்சுக் கடற்படையில் வளர்ந்த முறை. எல்லாவற்றிலும் மேன்மையானது அதுவே, ஆனால் எவ்வளவு பழகினாலும் அது சிலருக்கே வசப்படும்.

எந்த முறையானாலும் எப்படி இறங்குகிறோம் என்பதும் கணக்கில் வரும். கால் கீழே, தலை மேலே இருக்கும்படி கயிற்றைப் பிடித்து இறங்குவது, தலைகீழாக நீந்தி இறங்குவதைவிடக் காதுக்கு எளிது. கயிறு இருந்தால் வலிக்கு முன்பே நிற்கலாம், அரை மீட்டர் மேலேறி மறுபடி முயலலாம். காது பிடிவாதக்காரர்களுக்கு அதைவிட நல்லது, ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் போலக் கரையிலிருந்தே நடந்து மெல்ல மெல்ல ஆழமாகும் இடம். படகிலிருந்து குதித்ததும் ஆழம் காத்திருக்கும் தளங்களை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குழு அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, சளி பிடித்த நாள். மூக்கில் மருந்து அடித்துக்கொண்டு இறங்குவதா, டைவை ரத்துசெய்வதா? இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது: ரத்துதான். ஆக்ஸிமெட்டசோலின் போன்ற மருந்துகள் வீக்கத்தைச் சில மணி நேரம் அமுக்கி வைக்கும். கடலுக்கடியில் அதன் வேகம் குறைந்தால் மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் காதில் அடைபடும். வலிக்கிறது என்று இறங்காமல் இருக்கலாம். சிலிண்டர் காலியாகும்போது ஏறாமல் இருக்க முடியாது. கட்டிய பணம் போனால் போகட்டும். டைவுக்குப் பின் தலைசுற்றலோ, காதிரைச்சலோ, கேட்பதில் மந்தமோ இருந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.