நெரிசலில் சூடேறும் இன்ஜினும் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஓ.பி.டி. ஸ்கேனரும்

நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் ஓடினாலும் தொந்தரவு தராத கார், பெருங்களத்தூரிலும் வடபழனியிலும் ஊர்ந்து செல்லும்போது மட்டும் சூடேறுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேடியேட்டரின் ஊடே செல்லும் காற்றோட்டத்தைத்தான். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும்; வண்டி நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. அந்த ஃபேன் சுற்றுகிறதா என்றுகூடப் பார்க்காமல், ஒரு பணிமனையில் எங்கள் காருக்குத் தெர்மோஸ்டாட் (குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), ரேடியேட்டர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். அவ்வளவு பணம் செலவழிப்பதற்கு முன் நாமே வெப்பநிலையைப் பார்த்துவிடலாம் என்று வாங்கியதுதான் இந்த புளூடூத் ஸ்கேனர்.

இ.எல்.எம். 327 என்ற சிப்பின் நகலைக் கொண்டு பல பெயர்களில் விற்கப்படும் சாதனம் இது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை ஓ.பி.டி. சாக்கெட்டில் (கார் தன் பழுதுகளைத் தானே கண்டறியும் ஏற்பாட்டுக்கான இணைப்பு) செருகி, கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தால், இன்ஜின் கணினி அறிந்திருக்கும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை டிகிரிக் கணக்கில் திரையில் தெரியும். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இது வேலை செய்யும். எங்கள் காரில் வெப்பநிலை முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிஞ்சிப்போனால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் உள்ள கார்களிலும், ஏறக்குறைய 80 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு மேல் வரை அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பது வழக்கம். ஆகவே, சூடு ஏறத் தொடங்கும் கட்டத்தை ஓட்டுநரால் பார்க்கவே முடிவதில்லை. இந்தச் சாதனத்தின் மதிப்பு முழுவதும் அந்த இடைவெளியை நிரப்புவதில்தான் இருக்கிறது.

வண்டலூரைத் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது 86, 88 என்று ஆடாமல் நின்ற எண், சிக்னலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு நின்றவுடன் ஏறத் தொடங்கியது. 97, 100 என்று நிற்காமல் ஏறி, 104ஐத் தொட்டபோது ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் இரைந்தது, எண் மளமளவென்று 95க்கு இறங்கியது, ஃபேன் நின்றது, மறுபடியும் ஏற்றம். ஏற்றம் மெதுவாகவும் இறக்கம் செங்குத்தாகவும் இருந்த அந்த வரைகோடுதான் பழுதைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் காரின் ஃபேனுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. குறைந்த வேகத்துக்கான மின்சாரம், மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் செல்கிறது. உயர் வேகத்துக்கு நேராகச் செல்கிறது. 97 டிகிரி வாக்கில் குறைந்த வேகத்தில் சுற்றத் தொடங்கியிருக்க வேண்டிய ஃபேன், 104 வரை அசையாமல் இருந்திருக்கிறது. ஏ.சி.யைப் போட்டால் கம்ப்ரெஸருடன் சேர்ந்தே ஃபேனும் சுற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து பார்த்தால் இறக்கைகள் சும்மா நின்றன. நின்ற இடத்தில் ஏ.சி. குளிராமல் போனதற்கும் இதுவே காரணம்.

இந்த விவரங்களோடு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அவர் கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினார். சென்சார் இல்லை என்று அறிந்த கணினி, பாதுகாப்புக்காக ஃபேனை உயர் வேகத்தில் ஓடவிட்டது. மோட்டாரும் அதன் ஃப்யூஸும் உயர்வேக ரிலேவும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) நன்றாக இருப்பது அதிலேயே உறுதியாயிற்று. பிறகு ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். உள்ளே இருந்த கம்பிச் சுருள் அறுந்திருந்தது. அதை மட்டும் மாற்றிய பிறகு, மாலை நெரிசலில் ஏ.சி. ஓடும்போதும் எண் 97ஐத் தாண்டுவதில்லை. சென்சாரைக் கழற்றியதால் பதிவான பழுதுக் குறியீட்டையும் இந்த ஸ்கேனரைக் கொண்டே அழித்துவிட்டோம்.

வாங்குகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: இது பழுதின் பெயரைச் சொல்லாது. எங்கள் காரில் தொடக்கத்தில் பழுதுக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. ரெசிஸ்டர் அறுந்ததைக் கண்காணிக்கும் ஏற்பாடு அந்தக் கணினியில் இல்லை. குறியீடு இல்லாததால் கோளாறும் இல்லை என்று முடிவுகட்டுபவருக்கு இச்சாதனத்தால் பயன் இல்லை. கூலன்ட் வெகுவாகக் குறைந்து சென்சார் நீரில் மூழ்காமல் இருந்தால், காட்டும் எண்ணையே நம்ப முடியாது. ஆகவே இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைந்திருக்கும் மண்ணையும் பூச்சிகளையும் கண்டுபிடிக்க டார்ச் விளக்குதான் வேண்டும்.

ஓட்டுபவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும், அல்லது 105 டிகிரியில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மலிவான நகல்களில் எண் சற்றுத் தாமதமாக மாறும் என்றாலும், வெப்பநிலையைக் கவனிக்க அந்த வேகம் போதும். பதிப்பு 2.1 என்று அச்சிட்டு வரும் ஸ்கேனர்களில் பல, சில கட்டளைகளுக்குப் பதில் தருவதில்லை என்பதால், திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குவது நல்லது. வண்டியை நிறுத்திய பின் சாக்கெட்டிலேயே விட்டுவைத்தால் பேட்டரியை மெல்ல உறிஞ்சும். கழற்றி வைத்துவிட வேண்டும். சாதாரண புளூடூத் வகை ஐபோனுடன் இணையாது; ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையையோ புளூடூத் எல்.இ. (குறைந்த மின்சக்தி) வகையையோ கேட்டு வாங்க வேண்டும்.