கூழ்ப் பதத்தில் அலுமினியம்: கட்டியைச் சூடாக்குவதா, உருகியதை ஆறவிடுவதா?

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவர், பட்டறையின் பின்பக்கம் சின்ன உலை வைத்துப் பழைய அலுமினியம் உருக்குபவர். போன மாதம் படகு எஞ்சினின் உடைந்த தாங்கியொன்றைக் கையில் தந்தார். "தம்பி, உள்ளுக்க ஓட்டை ஓட்டையாக் கிடக்குது, பாருங்கோ." உடைந்த இடத்தில் குண்டூசித் தலை அளவில் உருண்டைக் குழிகள், உட்சுவர் பளபளவென்று இருந்தது. அடைபட்ட காற்றின் அடையாளம் அது. உருகிய உலோகத்தை வேகமாக அச்சுக்குள் பீய்ச்சும்போது சிதறிப் பாய்ந்து காற்றையும் சுருட்டிக்கொள்ளும். பிறகு வலுவேற்ற 540 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அந்தக் காற்று விரிந்து மேலே கொப்புளம் கட்டும்.

பாதி உருகிய உலோகம் இப்படிச் சிதறாது. கிண்ணியாத் தயிர்ச் சட்டியைச் சாய்த்தால் தயிர் அசையாமல் நிற்கும். அகப்பையால் அடித்துவிட்டால் ஊற்றலாம். உலோகத்தில் இதே குணத்தை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த டேவிட் ஸ்பென்சர் கண்டார். அவர் எடுத்தது 15 சதவீதம் ஈயம் கலந்த வெள்ளீயம். சும்மா ஆறவிட்டால் படிகங்கள் மரக்கிளைபோல் பின்னிக்கொண்டு, கால்வாசி உறைவதற்குள் கலவை இறுகிவிடும். கலக்கிக்கொண்டே ஆறவிட்டால் உருண்டைகளாகி, 40 சதவீதம் உறைந்த பிறகும் ஓடும்.

இதைச் செய்ய இரண்டு வழி. முதலாவது திக்ஸோ வார்ப்பு. கலக்கி உறையவைத்த கட்டியை வாங்கி, மறுபடி பாதி உருகும்வரை சூடாக்கி அச்சில் அழுத்துவது. அந்தக் கட்டி தானாக நிற்கும், கத்தி வைத்தால் வெண்ணெய்போல் வெட்டுப்படும். உருக்கு உலையே தேவையில்லை, வேலை சுத்தம். ஆனால் கட்டி விலை கூட. மிஞ்சும் கழிவை அப்படியே திரும்பப் போடவும் முடியாது. உருக்கினால் உருண்டை அமைப்பு போய்விடும், கட்டி செய்பவரிடமே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது ரியோ வார்ப்பு. உருகியதைக் கலக்கியபடியே வேண்டிய பதத்துக்கு ஆறவிட்டு, உடனே அச்சுக்கு அனுப்புவது. கழிவு அன்றைக்கே உலைக்குத் திரும்பும். நம்மூர்போல மூலப்பொருள் தூரத்திலிருந்து வரும் இடத்துக்கு எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. மக்னீசியச் சில்லுகளைத் திருகு இயந்திரத்தில் இளக்கிப் பாய்ச்சும் மூன்றாவது முறையும் உண்டு. அது பெரிய முதலீட்டுக்காரருக்கு.

இரண்டு வழியிலும் கறார் வெப்பநிலையில்தான். சுத்த அலுமினியம் 660 பாகையில் ஒரேயடியாக உருகும், இடைப்பதமே கிடையாது. ஏ356 என்ற, சிலிக்கன் சேர்ந்த அலுமினியக் கலவை ஏறத்தாழ 615இல் உறையத் தொடங்கி 557 அருகில் முடிக்கும். அந்த இடைவெளிக்குள் சில பாகை தவறினாலே பதம் மாறும். கலவை மாறினால் இடைவெளியே இடம் மாறும்.

அதனால் அண்ணையிடம் உலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பழைய அலுமினியத்தில் வேறு வேறு கலவையான பிஸ்டனை ஒரு பக்கம், ஜன்னல் சட்டத்தை இன்னொரு பக்கம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.